காவல் நிலையம், மக்கள் உறவு: ஓராண்டுத் திட்டத்தில் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது?

திட்டவரைவு எழுதியது:

வணக்கம். ஒரு காவல் நிலைய எல்லைக்கு ஓராண்டுக்கான மக்கள் உறவுத் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லைக்குள் ஏறத்தாழ 10,000 வீடுகள். பாதிக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள். நிலையம் இதற்கென ஒதுக்குவது எட்டுக் காவலர்கள். அவர்களும் முழுநேரம் கிடையாது. ஆளுக்கு வாரம் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போதைய வரைவில் இருப்பவை: இளைஞர்களுடன் விளையாட்டுப் போட்டி, பள்ளிகளில் விழிப்புணர்வுப் பேச்சு, மாதம் ஒரு மக்கள் கூட்டம், தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, ஆண்டு இறுதியில் விழா. படிக்க அழகாகத்தான் இருக்கிறது, புகைப்படமும் நன்றாக வரும். ஆனால் காவலரைக் கண்டதும் எதிர்ப்பக்கம் போகிறவர் இதைப் பார்த்து மனம் மாறுவாரா?

கேட்க விரும்புவது மூன்று. கூட்டத்தை எப்படி நடத்தினால் மூன்றாம் மாதமே நாற்காலிகள் காலியாகாமல் இருக்கும்? வண்டியை நிறுத்திச் சோதிக்கும்போது காவலர் என்ன பேச வேண்டும் என்பதைத் திட்டத்தில் எழுதலாமா, இல்லை அது பயிற்சிப் பள்ளியின் வேலையா? ஆண்டு முடிவில் உறவு மேம்பட்டிருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? பொதுவான அறிவுரை வேண்டாம். எத்தனை மணி, எத்தனை பேர், எங்கே சொதப்பும் என்ற அளவில் சொன்னால் உதவியாக இருக்கும்.

நடைரோந்து எழுதியது:

விழாவிலிருந்து தொடங்காதீர்கள், கெட்ட சந்திப்புகளிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்க ஆய்வாளர் வெஸ்லி ஸ்கோகன் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், காவலரிடம் பட்ட ஒரு கசப்பான அனுபவத்தின் பாதிப்பு, நல்ல அனுபவம் தரும் பலனைவிட 4 முதல் 14 மடங்கு பெரிது என்று வந்தது. இதை வைத்துப் பார்த்தால், மாதத்துக்குப் பத்துக் கசப்பைக் குறைப்பது நூறு பேரைப் போட்டிக்கு அழைப்பதைவிட மேல். எனவே முதல் மாதத்தில் செய்ய வேண்டியது ஒரு பட்டியல்: கடந்த 12 மாதத்தில் நிலையத்துக்கு வந்த புகார்களும் அழைப்புகளும் எந்தத் தெருவிலிருந்து, எதற்காக, கடைசியில் என்ன ஆயிற்று. மூன்றாவது பத்தியை நிரப்பத்தான் சிரமப்படுவீர்கள். பெரும்பாலான நிலையங்களில் அந்தப் பதிவே இருக்காது. மனக்கசப்பு பிறக்கிற இடமும் அதுதான்.

அடுத்தது, யார் எந்தத் தெருவுக்கு என்பது. எட்டுப் பேர் என்றால் எட்டுப் பகுதி, ஒரு பகுதிக்குச் சுமார் 1,250 வீடு. ஒருவருக்கு ஒரு பகுதி, மாற்றமே கூடாது. 'அனைவரும் அனைத்துப் பகுதிக்கும்' என்று சுழற்சி போட்டால் அன்றோடு திட்டம் முடிந்தது. மக்களுக்குச் சீருடைதான் தெரியும், ஆளைத் தெரியாது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் சமுதாயக் காவல் முறையை, அதாவது காவலர் மக்களோடு சேர்ந்து வேலைசெய்யும் முறையை, ஒரே நேரத்தில் சோதித்தது. நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்களில் முக்கியமானவை: திட்டத்தை நடத்திய அதிகாரிகள் அடிக்கடி மாற்றப்பட்டார்கள், மேலிடம் இதை முதன்மை வேலையாக எண்ணவில்லை, மக்கள் சொன்னதைச் செய்துமுடிக்க ஆளும் பொருளும் இல்லை. உங்கள் வரைவை இந்த மூன்று வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடமாற்றத்தை உங்களால் நிறுத்த முடியாது. கைமாற்றும் முறையையாவது எழுதிவையுங்கள். புதியவர் வந்தால் இரண்டு வாரம் பழையவரும் புதியவரும் சேர்ந்து நடக்க வேண்டும். அந்தப் பகுதிக்கென ஒரு பதிவேடு, நான்கே பத்தி: இடம், பிரச்சினை, என்ன வாக்குக் கொடுத்தோம், எந்தத் தேதிக்குள். பழையவர் கொடுத்த வாக்கு புதியவரின் கடன் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது.

நடைக்கு வருவோம். வண்டியில் சுற்றுவதைத் தொடர்பு என்று கணக்கில் எழுதாதீர்கள். 1972-73இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் சில பகுதிகளில் வாகன ரோந்தை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், சிலவற்றில் அறவே எடுத்துவிட்டார்கள். குற்றத்திலும் பயத்திலும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ரோந்து கூடியதையோ நின்றதையோ மக்கள் பெரிதாகக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அதே நாட்டில் நியூவார்க்கில் நடைரோந்தைச் சோதித்தபோது குற்றம் குறையவில்லை. ஆனால் அந்தத் தெருக்காரர்களின் பாதுகாப்பு உணர்வு கூடியது, காவல்துறை மீதான எண்ணமும் நல்லபடியாக மாறியது. குற்றமும் குறைய வேண்டுமென்றால் பரப்பைச் சுருக்க வேண்டும். பிலடெல்பியாவில் 2009-இல் வன்முறை அதிகமுள்ள 60 சிறு இடங்களில் நடைரோந்து விட்டபோது வன்முறைக் குற்றம் 23 விழுக்காடு குறைந்தது. ரோந்தை எடுத்ததும் அந்தப் பலனும் தேய்ந்தது.

ஆளுக்கு ஆறு மணி நேரத்தை இரண்டிரண்டு மணியாக மூன்று நடையாகப் பிரியுங்கள். ஒரு நடை காலையில், ஒன்று மாலையில், ஒன்று இரவு எட்டுக்குப் பிறகு. ஒரே நேரத்தில் போனால் ஒரே ஆட்களைத்தான் பார்ப்பீர்கள். வேலைக்குப் போகிறவர்கள் உங்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

கதவு தட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் காவலர்கள் 'குற்றம் எதுவும் நடக்கவில்லை, அறிமுகத்துக்காக வந்தேன்' என்று முதலிலேயே சொல்லி, அந்தப் பகுதியில் என்ன குறை என்று கேட்டு, தங்கள் பணிக் கைபேசி எண் உள்ள அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவ்வளவுதான். 2019-இல் முடிவு வெளியானது: எண்ணம் நல்லபடியாக மாறியது, 21 நாள் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் இருந்தது. முதலில் காவல்துறை மீது கசப்போடு இருந்தவர்களிடம் மாற்றம் கூடுதல். வீட்டுக்காரர் பெயர், எத்தனை பேர், எங்கே வேலை என்று படிவத்தை நீட்டிவிடாதீர்கள். அறிமுகமாக வந்தவர் அந்த நொடியில் கணக்கெடுக்க வந்தவராகிவிடுவார்.

கணக்கையும் பாருங்கள். நடந்து போவது, பூட்டிய வீடு எல்லாம் சேர்த்து மணிக்கு ஐந்து வீடுதான் உருப்படியாக முடியும். மூன்று நடையையும் இதற்கே கொடுத்தால் வாரம் 30 வீடு, 1,250 வீட்டுக்கு 42 வாரம். அதனால் அழைப்பும் புகாரும் அதிகம் வந்த தெருக்களை முதலில் எடுங்கள், வாடகைக் குடியிருப்புகளை இரண்டாவதாக. சொந்த வீட்டுக்காரர்கள் எப்படியும் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

வட்டமேசை எழுதியது:

கூட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் சாகின்றன. சாகிற விதமும் ஒன்றுதான். முதல் மாதம் மக்கள் இருபது குறை சொல்வார்கள். அதிகாரி 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்பார். இரண்டாம் மாதம் அதே இருபது குறை, குரல் மட்டும் உயர்ந்திருக்கும். மூன்றாம் மாதம் வருவது சங்கத் தலைவரும் அவருடைய நண்பர்களும்.

இதைத் தடுப்பது கூட்டத்தின் முதல் 15 நிமிடம். போன மாதம் எழுதிக்கொண்ட ஒவ்வொன்றையும் வாசித்து, மூன்றில் ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். முடிந்தது, இன்ன தேதியில். அல்லது, இது எங்களால் முடியாது, காரணம் இது. அல்லது, இது வேறு துறையின் வேலை, இன்ன தேதியில் அனுப்பினோம், கடித எண் இது. 'பரிசீலனையில் உள்ளது' என்ற நான்காவது பதிலுக்கு இடமே தரக் கூடாது. மக்கள் இரண்டாவது பதிலையும் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் பொறுக்கமாட்டார்கள். இந்தப் பட்டியலைக் கூட்டம் முடிந்த மூன்று நாளுக்குள் ஒரே தாளாகப் பொது இடங்களில் ஒட்டுங்கள், ஏனென்றால் 10,000 வீட்டில் கூட்டத்துக்கு வருவது நாற்பது பேர்தான்.

புதிதாக எடுப்பது ஒரு மாதத்துக்கு மூன்று பிரச்சினைக்கு மேல் வேண்டாம். மொத்தம் 75 நிமிடம்: பதில் வாசிப்பு 15, மூன்று பிரச்சினைக்குத் தலா 15, கடைசி 15 யாரும் எதையும் கேட்க. அதிகாரியின் தொடக்கவுரை இரண்டு நிமிடம். மேடை வேண்டாம், நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். சிறப்பு விருந்தினர், சால்வை, வரவேற்புரை ஆகியவற்றை வெட்டினாலே அரை மணி நேரம் மிச்சம்.

பிரச்சினையை எழுதும் விதம் முக்கியம். 'அந்தத் தெருப் பசங்க தொல்லை' என்று யாராவது தொடங்குவார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டால் கூட்டம் ஒரு சாராரை இன்னொரு சாரார் போலீஸிடம் பிடித்துக்கொடுக்கும் இடமாகிவிடும். அந்தப் பசங்களும் அவர்களுடைய பெற்றோரும் இனி எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டார்கள். ஆளைச் சொல்லாமல் இடம், நேரம், செயல் மூன்றையும் சொல்லவைக்க வேண்டும். 'பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், இரவு 10 முதல் 12 வரை, பாட்டில் உடைப்பு.' அமெரிக்கப் பேராசிரியர் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் 1979-இல் முன்வைத்த பிரச்சினை மையக் காவல் முறையின் சாரம் இதுதான்: தனித்தனிச் சம்பவத்துக்கு ஓடாமல், திரும்பத் திரும்ப வருவதன் காரணத்தைத் தேடுவது. அந்தப் பாட்டில் பிரச்சினைக்கு ஒருவேளை எரியாத விளக்கு காரணமாக இருக்கலாம், நேரம் தாண்டி மது விற்பது காரணமாக இருக்கலாம். ஆள் பிடித்தால் இரண்டும் அப்படியே இருக்கும், பிரச்சினையும் திரும்பிவரும்.

தனிப்பட்ட புகாரைக் கூட்டத்தில் கேட்கக் கூடாது. குடும்பத் தகராறு, வட்டிக்காரர் மிரட்டல், போதைப்பொருள் விற்பனை பற்றிய தகவல் இவற்றையெல்லாம் பலர் முன் சொன்னவருக்கு அன்றிரவே ஆபத்து வரலாம். கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறையில் இருவர், அவர்களில் ஒருவர் பெண் காவலர், அரை மணி நேரம் இருக்கட்டும். அந்த அறைக்குப் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படாதபடி வாசல் அமைந்திருக்கிறதா என்று முன்கூட்டியே போய்ப் பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் இதைப் பார்க்காமல் போட்ட தனி அறைகள் காலியாகவே கிடக்கும்.

இடம்: காவல் நிலையம் வேண்டாம். கட்சி அலுவலகம், வழிபாட்டு இடம், ஊர்ப் பெரியவர் வீடு எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடம் அல்லது நூலகம் நல்லது. ஒரு மாதம் வார நாள் மாலை, அடுத்த மாதம் ஞாயிறு காலை.

இவ்வளவு செய்தும் வருவது மொத்த ஊரின் முகமாக இருக்காது. சிகாகோ 1993-இல் தொடங்கிய சமுதாயக் காவல் திட்டத்தில் பகுதிவாரியாக மாதாந்தரக் கூட்டங்கள் நெடுங்காலம் நடந்தன. அங்கேயும் சொந்த வீட்டுக்காரர்களும் வயதானவர்களும்தான் அதிகம் வந்தார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களின் வருகை மக்கள்தொகைக்கு ஏற்ப இல்லை. வராதவர்களைக் கூட்டத்துக்கு இழுப்பதைவிட, காவலர் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவது எளிது: தொழிற்கூடத்தில் உணவு இடைவேளை, வாகன நிறுத்தம், பயிற்சி மையம். பத்துப் பேர், இருபது நிமிடம், அதே மூன்று பதில் முறை. பிரிட்டனில் 2003 முதல் 2005 வரை நடந்த நம்பிக்கையூட்டும் காவல் திட்டத்தின் சோதனைப் பகுதிகளில் காவல்துறை மீதான நம்பிக்கை கூடியது. அதில் மூன்று சேர்ந்திருந்தன: தெரிந்த முகமாகக் காவலர், மக்களே முன்னுரிமையைச் சொல்வது, இருவரும் சேர்ந்து தீர்ப்பது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு.

இன்னொன்று. வரைவில் 'காவல்துறையே மக்கள், மக்களே காவல்துறை, ராபர்ட் பீல், 1829' என்ற மேற்கோளைப் போட ஆசை வரும். லண்டன் காவல்துறையை 1829-இல் அமைத்தவர் பீல்தான். ஆனால் அவர் பெயரில் உலவும் ஒன்பது கோட்பாடுகள் இன்றைய வடிவில் 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை.

நான்குவரி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு: எழுதலாம், எழுதத்தான் வேண்டும். பயிற்சிப் பள்ளியில் கற்றது தெருவில் ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் போன்றோரின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது, அபராதம் விழுந்ததா இல்லையா என்பதைவிட எப்படி நடத்தினார்கள் என்பதை வைத்தே மக்கள் காவலரை எடைபோடுகிறார்கள் என்பது. பார்ப்பது நான்கு: என்னைப் பேசவிட்டாரா, எல்லோருக்கும் ஒரே அளவுகோலா, மரியாதையாக நடத்தினாரா, நல்ல நோக்கத்தோடு செய்கிறாரா. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் குடிபோதைச் சோதனைச் சாவடிகளில் இதைச் சோதித்தார்கள். மொத்தம் 60 சாவடி நடவடிக்கைகள். பாதியில் வழக்கமான முறை, பாதியில் இந்த நான்கும் அடங்கிய குறுகிய பேச்சு. பேச்சைக் கேட்ட ஓட்டுநர்களின் மதிப்பீடு உயர்ந்தது.

உங்கள் சாவடிக்கு நான்கு வரி போதும். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை.

'வணக்கம், என் பெயர் இன்னார், இந்த நிலையத்தில் இருக்கிறேன்.' பெயர் சொன்னவர் பொறுப்பேற்கிறார்.

'இந்தச் சாலையில் வண்டித் திருட்டு அதிகமாகியிருக்கிறது, அதனால் ஐந்தாவதாக வரும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்துகிறோம்.' இது உண்மையாக இருக்க வேண்டும். ஐந்தாவது என்று சொல்லிவிட்டு அழுக்குச் சட்டைக்காரர்களாக நிறுத்தினால், சொல்லாமலே இருந்திருக்கலாம்.

'ஆவணம் பார்க்கிறேன். இந்தப் பகுதியில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா?' பதிலை எழுதிக்கொள்ள வேண்டும், பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

'எல்லாம் சரியாக இருக்கிறது. நேரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னியுங்கள், போய்வாருங்கள்.' எதுவும் கிடைக்காதபோது இந்த வரியைத்தான் அதிகம் விழுங்குவார்கள். காவலருக்கு அது தோற்ற மாதிரி தோன்றும். நிறுத்தப்பட்டவர் வீட்டுக்கு எடுத்துப்போவது இந்தக் கடைசி வரியைத்தான்.

ஒருமையில் அழைப்பது, வண்டிச் சாவியைக் கையால் பிடுங்குவது, கைபேசியைத் திறக்கச் சொல்வது, பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் 'இவர் யார்' என்று கேட்பது: இந்த நான்கையும் பெயர் சொல்லித் தடைசெய்யுங்கள். 'கண்ணியத்துடன் நடந்துகொள்ளவும்' என்று எழுதினால் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியதைக் கண்ணியம் என்பார்.

எச்சரிக்கை ஒன்று. குவீன்ஸ்லாந்து முறையை ஸ்காட்லாந்தில் திருப்பிச் செய்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை; பேச்சைக் கேட்டவர்களின் திருப்தி குறைந்தது. அந்தச் சமயம் அங்கே காவல்துறையே பெரிய மறுசீரமைப்பில் இருந்தது. மேலிடம் தங்களிடம் ஒழுங்காக விளக்காமல் வேலையைத் திணித்ததாகக் காவலர்கள் உணர்ந்தார்கள் என்பது பின்னர் தரப்பட்ட விளக்கம். தாளைக் கையில் கொடுத்து 'நாளை முதல் இதைச் சொல்' என்றால் உங்களுக்கும் அதே கதிதான். அந்த எட்டுப் பேரையே உட்காரவைத்து நான்கு வரியையும் அவர்கள் வாயில் வருகிற மாதிரி மாற்றி எழுதச் சொல்லுங்கள். விடுப்பு, பணிநேரப் பட்டியல், அதிகாரி அவர்களிடம் பேசும் தொனி இவையும் இந்தத் திட்டத்துக்குள் வருபவைதான். நிலையத்துக்குள் ஏச்சு வாங்கியவர் தெருவில் வணக்கம் சொல்லமாட்டார்.

பயிற்சியின் அளவு கேட்டால்: டூசான், ஹூஸ்டன், கேம்பிரிட்ஜ் என மூன்று அமெரிக்க நகரங்களில் குற்றம் மிகுந்த இடங்களுக்குப் போகும் காவலர்களுக்கு 40 மணி நேரம் இந்தப் பயிற்சி கொடுத்தார்கள். 2022-இல் வெளியான முடிவில் கைதும் குற்றச் சம்பவங்களும் குறைந்தன, காவலர் தொல்லை தருகிறார் என்ற எண்ணமும் குறைவாக இருந்தது. ஆனால் காவல்துறையின் நியாயத்தன்மை பற்றிய பொதுவான கருத்து குறிப்பிடும்படி மாறவில்லை. ஓராண்டில் அது மாறும் என்று வரைவில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மைதானம் எழுதியது:

எல்லோரும் விளையாட்டுப் போட்டியைத் தள்ளிவிடுகிறீர்கள். ஒருநாள் போட்டியால் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாரா வாரம் அதே காவலர், அதே பசங்க, எதிரணியாக இல்லாமல் கலந்த அணியாக ஆடினால் அதற்கு மதிப்பு உண்டு. இரண்டு விதி: அங்கே யாரிடமும் வழக்குத் தகவல் கேட்கக் கூடாது, ஆட வந்தவனை அங்கேயே கைதுசெய்யக் கூடாது. இரண்டில் எது உடைந்தாலும் மைதானத்தில் மறுவாரம் பந்து மட்டும்தான் இருக்கும்.

திட்டவரைவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. இரண்டு துணைக் கேள்வி. வாட்ஸ்அப் குழுவை எடுத்துவிடலாமா? நிலையத்துக் காவலர் மீதே புகார் வந்தால், அல்லது ஏதாவது பெரிய சம்பவம் நடந்து ஊர் கொதித்தால், அதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும் என்று நினைக்கிறேன். உடலில் அணியும் கேமரா வாங்கினால் அது தீருமா?

மறுமொழிப்பதிவேடு எழுதியது:

வாட்ஸ்அப்: நிலையத்திலிருந்து அறிவிப்பு மட்டும் போகும் ஒருவழிக் குழுவாக வைத்துக்கொள்ளுங்கள். இருவழிக் குழுவில் 'சந்தேக நபர்' என்று யாரோ அனுப்பும் படம் பத்து நிமிடத்தில் ஊர் முழுக்கப் போய், தெருவில் புதிதாக வந்த ஒரு கூலித் தொழிலாளி அடிபடுவார். அந்தக் குழுவின் நிர்வாகி யார் என்று பார்த்தால் உங்கள் காவலர். புகாருக்குத் தொலைபேசியும் நேரிலும்தான்.

கேமரா: அமெரிக்காவின் ரியால்டோ என்ற சிறு நகரில் 2012-13இல் செய்த சோதனையில் புகாரும் பலப்பிரயோகமும் வெகுவாகக் குறைந்ததால் உலகமே வாங்கத் தொடங்கியது. பிறகு வாஷிங்டன் நகரில் 2,000-க்கும் மேற்பட்ட காவலர்களை வைத்துச் செய்த பெரிய சோதனையின் முடிவு 2017-இல் வந்தது: அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் கண்டறியத்தக்க வேறுபாடு இல்லை. எப்போது ஓடவேண்டும், யார் பதிவைப் பார்ப்பார், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், புகார் கொடுத்தவருக்குக் காட்டுவார்களா என்ற நான்குக்கும் விதி இல்லாமல் வாங்கினால் அது பேட்டரி போட்ட பொத்தான்.

காவலர் மீதான புகாருக்கு: வாங்கிய அன்றே எண்ணுடன் ரசீது. விசாரிப்பவர் அதே நிலையத்தவராக இருக்கக் கூடாது. 30 நாளுக்கு ஒருமுறை, முன்னேற்றமே இல்லாவிட்டாலும், நிலை என்ன என்று புகார்தாரருக்கு ஒரு தகவல். முடிவை எழுத்தில், காரணத்தோடு கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவரிடம் புகாருக்கு உள்ளானவரே 'சமாதானமாகப் பேச' வீட்டுக்குப் போவதைக் கண்டிப்பாகத் தடுங்கள். இதை மேலும் எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு, மதத்தால் பிளவுபட்டிருந்த வட அயர்லாந்தைப் பாருங்கள். 1999-இல் காவல்துறைச் சீர்திருத்தத்துக்கான பேட்டன் குழுவின் அறிக்கை வந்தது. காவல்துறைக்கு வெளியே தனிப் புகார் அதிகாரி அலுவலகம் 2000-இல் செயல்படத் தொடங்கியது. 2001-இல் பெயரே மாறிப் புதிய காவல்துறை வந்தது. பத்தாண்டு காலம் கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்று ஆளெடுத்ததில், சுமார் 8 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கர் பங்கு 30-ஐ நெருங்கியது. ஒரு நிலையத்தால் ஆளெடுப்பு விதியை மாற்ற முடியாதுதான். ஆனால் பகுதி ஒதுக்கும்போது அந்தப் பகுதி மக்களின் மொழி பேசுபவர், பெண் காவலர் என்று பார்த்து ஒதுக்கலாம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஊர் கொதிக்கும்போது முதல் 24 மணி நேரத்துக்குள் நிலைய அதிகாரி மூன்று விஷயத்தைச் சொல்ல வேண்டும்: உறுதியாகத் தெரிந்தது எது, இன்னும் தெரியாதது எது, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. சொன்ன மணிக்குப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் வந்து அதையே சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவரைப் பற்றி 'ஏற்கெனவே வழக்கு உள்ளவர்' என்ற வரி அறிக்கையில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்த ஒரு வரியால் எரிந்த ஊர்கள் உண்டு.

பெருமளவில் ஆட்களை நிறுத்திச் சோதிக்கும் முன் ஊரோடு பேசுவதும் இதேபோல் அவசியம். லண்டன் பிரிக்ஸ்டனில் 1981 ஏப்ரலில் ஒரு நடவடிக்கையில் சில நாட்களுக்குள் 943 பேரை நிறுத்திச் சோதித்தார்கள், 118 பேர் கைது. உள்ளூர்த் தலைவர்களைக் கலந்துகொள்ளவே இல்லை. அந்த வார இறுதியிலேயே கலவரம் வெடித்தது. அதை விசாரித்த ஸ்கார்மன் பிரபுவின் அறிக்கைக்குப் பிறகு, பகுதி மக்களின் கருத்தைக் கேட்கும் ஏற்பாடு 1984 சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. நிறுத்திய எண்ணிக்கையைச் சாதனையாகக் காட்டும் பத்தி உங்கள் மாதாந்தரப் படிவத்தில் இருந்தால் முதலில் அதை எடுங்கள். அது இருக்கும்வரை நான்குவரி சொன்ன நான்கு வரியைச் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.

அளப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'காவல்துறையை நம்புகிறீர்களா' என்று ஊரைக் கேட்டு ஆண்டு முடிவில் ஒப்பிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். 100 பேரைக் கேட்டால் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ சுமார் 10 புள்ளி. 400 பேர் என்றால் 5. நூறு பேரில் 40 விழுக்காடு 46 ஆனது என்று விழாவில் அறிவித்தால் அதற்குப் பொருளே இல்லை. அதைவிடப் பயனுள்ளது, அந்த மாதம் நிலையத்தோடு உண்மையில் தொடர்புகொண்டவர்களில் 20 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்துத் தொலைபேசியில் கேட்பது. காவலர் கேட்கக் கூடாது. கல்லூரி மாணவர், தன்னார்வலர், யாராவது வெளியாள். கேள்வி நான்கு: நீங்கள் சொல்ல வந்ததைக் கேட்டார்களா, முடிவுக்குக் காரணம் சொன்னார்களா, மரியாதையாக நடத்தினார்களா, அடுத்த முறையும் போவீர்களா. 12 மாதத்தில் 240 பேர் சேர்ந்துவிடுவார்கள், எந்தப் பகுதியில் எந்தக் கேள்வி கீழே கிடக்கிறது என்று ஓரளவு தெரியும்.

பதிவேட்டிலிருந்து இரண்டு எண் எடுங்கள்: கொடுத்த வாக்குகளில் தேதிக்குள் பதில் போனது எத்தனை, ஒரே இடத்திலிருந்து ஒரே பிரச்சினைக்குத் திரும்ப வந்த அழைப்பு எத்தனை. மொத்தப் புகார் எண்ணிக்கையை வெற்றி அளவாக வைக்காதீர்கள். திட்டம் வேலைசெய்தால் முதல் ஆறு மாதம் புகார் கூடும், ஏனென்றால் முன்பு வராதவர்கள் வரத் தொடங்குவார்கள். இதை மேலதிகாரிக்கு முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நான்காம் மாதம் எண்ணைப் பார்த்துப் பயந்து புகார் வாங்குவதைக் குறைக்கச் சொல்வார்.

நடைரோந்து கொடுத்த நேரக் கணக்கில் ஒரு திருத்தம். ஆறு மணியையும் நடைக்கே கொடுத்துவிட்டால், கேட்டுவந்ததற்குப் பதில் தேட நேரம் எங்கே? நான்கு மணி நடை, ஒன்றரை மணி வேறு துறைகளுக்கு எழுதுவதும் துரத்துவதும், அரை மணி பதிவேடு என்று பிரியுங்கள். கதவு தட்டுவது வாரம் 20 வீடாகக் குறையும், ஒரு பகுதி முடிய 63 வாரம் ஆகும். ஆகட்டும். ஓராண்டுக்குள் எல்லா வீட்டையும் தொட்டதாகக் காட்ட வேண்டியதில்லை. எந்தத் தெருக்கள் அடுத்த ஆண்டுக்கு என்று பெயரோடு வரைவிலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டம் நடக்கும் வாரத்தில் மட்டும் ஒரு நடையைக் கழித்துக்கொள்ளலாம். கூட்டத்துக்கு எட்டுப் பேரும் வர வேண்டாம். அந்த மாதத்து மூன்று பிரச்சினை எந்தப் பகுதிகளைச் சேர்ந்ததோ அந்தக் காவலர்களும், போன மாதப் பட்டியலுக்குப் பதில் சொல்ல நிலைய அதிகாரியும், தனி அறைக்கு இருவரும் போதும்.